டோரீனின் பனிநாள் பட்டியல்

ரேடியோ லாக்ஸ்லிக்கு நாற்பத்து நான்கு வருடத்தில் பெயர் நான்கு முறை மாறியது. முதலாளிகள் ஆறு பேர் வந்து போனார்கள். டெலிபோன் எடுக்கும் ஆள் மட்டும் மாறவில்லை. 1974 அக்டோபரில் ஷெஃபீல்டில் அந்த ஸ்டேஷன் தொடங்கிய அன்று, பத்தொன்பது வயது டோரீன் ஸ்டானிஃபோர்த் வரவேற்பு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நாற்காலிக்குத்தான் இரண்டு முறை துணி மாற்றினார்கள்.

ஸ்டேஷன் பாட்டுக்காக நடக்கிறது என்று கேட்பவர்கள் நினைத்தார்கள். தங்களுக்காக நடக்கிறது என்று விளம்பரம் கொடுத்த மெத்தைக் கடைக்காரர்களும் கம்பளக் கடைக்காரர்களும் நினைத்தார்கள். கடைக்காரர்கள் நினைத்ததுதான் சரி. ஆனால் வருடத்தில் மூன்று நான்கு நாள் இரண்டு கட்சியும் தோற்றுப்போகும். அவை பனி விழும் நாட்கள். மேடும் பள்ளமுமான ஊர். நாலு அங்குலம் விழுந்தால் பஸ் மேடேறாது. அன்று காலை ஆறரையிலிருந்து ஊரே ரேடியோ முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். இன்று மூடியிருக்கும் பள்ளிக்கூடங்களின் பட்டியல் அதில்தான் வரும்.

தலைமை ஆசிரியர்கள் டோரீனுக்கு போன் செய்வார்கள். அவள் எழுதிக் கொடுப்பாள், அறிவிப்பாளர் வாசிப்பார். அவ்வளவு எளிதாகத்தான் இருந்தது, 1979 ஜனவரி வரை. அந்த மாதம் ஒரு நாள் கனத்த குரல் ஒன்று இரண்டு முறை இருமிவிட்டு, தன் பள்ளி மூடல் என்றது. டோரீன் எழுதிக்கொண்டாள். எழுநூறு பிள்ளைகள் வீட்டில் இருந்துவிட்டார்கள். பேசியது தலைமை ஆசிரியர் இல்லை, பள்ளிக்கூட வாட்ச்மேன். வாசலில் பனி அள்ள அவருக்குச் சோம்பல்.

மானேஜர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, அந்தப் பிள்ளைங்க மாதிரி நீயும் வீட்லயே இருக்கலாம். புரியுதா?"

புரிந்தது. ரகசிய வார்த்தை என்ற ஏற்பாடு அப்போது வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வார்த்தையை டோரீனே யோசித்து தபாலில் அனுப்புவாள். நகல் பச்சைத் தகரப் பெட்டியில் அட்டை அட்டையாக இருக்கும். போனில் வார்த்தை சொன்னால் பள்ளி மூடல். சொல்லாவிட்டால், பேசுவது பிஷப்பே ஆனாலும் பள்ளி திறந்திருக்கும். ஒரு வருடம் பூக்கள், ஒரு வருடம் நாய் வகைகள். 1990-இல் காய்கறி.

அந்த வருடம் ரிவிலின் பேங்க் பள்ளிக்கு அவள் எழுதி அனுப்பிய வார்த்தை முள்ளங்கி. அதில் ஒரு குறும்பு இருந்தது. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கிளைவ் பேக்ஷா அவளுக்கு நிச்சயமானவர், ஈஸ்டருக்குக் கல்யாணம். அவர் முள்ளங்கியைத் தொடமாட்டார். முதல்முதலாக அவள் வீட்டுக்கு டீக்கும் சாப்பாட்டுக்கும் வந்தபோது தட்டில் இருந்த ஆறு முள்ளங்கி வில்லைகளையும் நாப்கினில் சுருட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில்தான் கல்யாணமே முடிவானது என்று டோரீன் நினைத்திருந்தாள். அதனால் நானூறு பள்ளிகளுக்கு நானூறு வார்த்தை எழுதியவள், அந்த ஒன்றை மட்டும் ஆசையாக எழுதினாள்.

1991 பிப்ரவரியில் முழங்கால் அளவு பனி. ஏழு மணிக்கு கிளைவ் கூப்பிட்டார்.

"டோரீன், நான்தான். ரிவிலின் பேங்க் மூடல்."

"வார்த்தை சொல்லுங்க சார்."

"ஐயோ, அட்டை ஸ்கூல் மேஜைல கிடக்கு. நான் வீட்ல மாட்டிக்கிட்டிருக்கேன். ஏதோ காய்தானே... கேரட்?"

"இல்ல."

"பீட்ரூட்? டர்னிப்? முட்டைக்கோசு?"

"இது மார்க்கெட் இல்ல சார்."

"என் குரல் உனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை உங்கம்மா வீட்ல ஒரே மேஜைல உக்காந்து சாப்பிட்டோமேடி!"

"குரலைக் கேட்டு ஒரு தடவை ஏமாந்தாச்சு. வார்த்தை இல்லன்னா வாசிக்க முடியாது. இன்னும் ஆறு லைன் காத்துக்கிட்டிருக்கு."

விதி விதிதான், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விதி மட்டும் பேசவில்லை. அவருக்கு மறந்துபோனது அவளுக்கு வலித்தது. மறந்தது காயின் பெயரை இல்லை, அந்த டீயை, அந்தச் சிரிப்பை என்று அவளுக்குப் பட்டது. போனை வைத்துவிட்டு அடுத்த லைனை எடுத்தாள்.

கிளைவ் மூன்று மைல் பனியில் நடந்து பள்ளிக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆனது. பூட்டிய வாசலில் எண்பது பிள்ளைகள் விறைத்துப்போய் நின்றிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் ஸ்டேஷனுக்கே வந்தார். காத்திருந்த மெத்தைக் கடைக்காரர் முன்னால் வைத்தே, "உனக்குப் புருஷன் வேணாம், அந்தத் தகரப் பெட்டி போதும்" என்றார். டோரீன் மோதிரத்தைக் கழற்றி ஸ்டேஷன் பெயர் போட்ட கவரில் வைத்துக் கொடுத்தாள். பிறகு அவர் ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். டோரீன் யாரையும் செய்துகொள்ளவில்லை. தான் செய்தது சரிதானா என்ற கேள்வியை ஒவ்வொரு பனிநாளிலும் போனோடு சேர்த்துக் கையில் எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் பேசுவதாக இல்லை.

பிறகு பள்ளிகள் பெற்றோருக்கு நேராக மெசேஜ் அனுப்பப் பழகின. நானூறு அழைப்பு நூறாகி, பத்தாகியது. டோரீன் மட்டும் நவம்பர்தோறும் வார்த்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். 2019-இல் ஆறாவது முதலாளி காலை நிகழ்ச்சியை லண்டனிலிருந்தே நடத்த முடிவெடுத்தார். இங்கே கடைசி நிகழ்ச்சி ஒரு வெள்ளிக்கிழமை. டோரீனுக்கும் அதுவே கடைசி நாள். பார்த்து வைத்தாற்போல் அன்று பனி கொட்டியது.

அறிவிப்பாளர் கேரி உட்ஹெட் கிண்டல்காரன். மைக்கிலேயே சொன்னான்: "டோரீன் அம்மா பட்டியல் இன்னிக்கோட சரி மக்களே. மூடணும்னா இப்பவே மூடிடுங்க. திங்கக்கிழமையிலிருந்து லண்டன்காரனுக்கு நம்ம பனி தெரியாது!"

எட்டு மணி வரை இரண்டே பள்ளிகள் கூப்பிட்டன. எட்டு அடித்து ஐந்து நிமிடத்தில் மூன்றாவது அழைப்பு.

"ரிவிலின் பேங்க் பள்ளி. இன்னிக்கு மூடல்."

இருபத்தெட்டு வருடம் அந்தக் குரலைக் கிழவனாக்கியிருந்தது. ஆனாலும் டோரீனுக்கு அடையாளம் தெரிந்தது. தன் குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

"வார்த்தை சொல்லுங்க சார்."

"முள்ளங்கி."

பச்சைப் பெட்டியின் கடைசியில் அந்தப் பழைய அட்டை இன்னும் இருந்தது. பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் எடுத்துப் பார்த்தாள். சரிபார்க்காமல் அவள் எதையும் எழுதிக்கொண்டதில்லை.

"சரியா இருக்கு சார்."

"அன்னிக்கு சாயங்காலமே ஞாபகம் வந்துடுச்சு டோரீன். அந்த நாப்கின், உங்கம்மா முழிச்ச முழி, எல்லாமே. மறுநாள் அதைச் சொல்லத்தான் வந்தேன். வாயத் தொறந்தா கோபம்தான் வந்துச்சு."

டோரீன் அட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். பிறகு, "மத்தவங்க லைன்ல காத்துக்கிட்டிருக்காங்க சார்" என்றாள். யாரும் காத்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நன்றி சொல்லி போனை வைத்தார்.

அவள் எழுதி நீட்டிய சீட்டைக் கண்ணாடி அறைக்குள் கேரி பார்த்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மைக்கை மூடியிருந்தான்.

"என்னம்மா இது? ரிவிலின் பேங்க்கை இடிச்சு ஃபிளாட் கட்டி பத்து வருஷம் ஆச்சே! எங்க அத்தை அங்கதான் இருக்கா."

"மூடியிருக்கா இல்லையா?"

"மூடித்தான் இருக்கு..."

"வார்த்தை சரியா சொல்லிட்டாங்க. வாசி."

கேரி வாசித்தான்.