திட்டு வாங்கப் போன ஊர்

பினாங்கிலிருந்து கப்பலேறி மெட்ராஸுக்குப் படிக்க வந்த இரண்டாம் வருஷம் அம்மா தவறிவிட்டாள். தந்திதான் வந்தது. கப்பல் பிடித்து வந்தாலும் முகம் பார்க்க முடியாது, படிப்பை விடாதே என்று பின்னாலேயே அப்பா எழுதினார். போகவில்லை.

முகத்துக்குப் போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றுமில்லை. சில மாதத்தில் அது எனக்குள் தேய ஆரம்பித்தது. அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கும். நினைத்துப் பார்த்தால் எல்லாம் என் குரலிலேயே கேட்கும். அம்மா காஞ்சிபுரத்துக்காரி. பினாங்கில் எங்கள் தெரு முழுக்கத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள். 'வந்துக்கினு, போய்க்கினு' என்று அவள் பேசுவதை வைத்து 'வந்துக்கினு வீட்டம்மா' என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அவளைப் போலப் பேச அங்கே வேறு ஆள் கிடையாது.

அதனால் ஹாஸ்டல் பெண்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய்வரக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா வழி உறவு அங்கே யாரும் மிச்சமில்லை. அவர்கள் கோயில் பார்க்க வந்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சின்ன காஞ்சிபுரத்தில் குறுக்கு வழி என்று ஒரு தெருவில் நுழைந்தோம். தெரு நீளத்துக்கு நெசவுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. பட்டு இழைகள் வெயிலில் மினுங்க, ஒருவர் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பராக்குப் பார்த்தபடி குனிந்து அடியில் நுழைந்தேன். சடை இழையில் மாட்டிக்கொண்டது.

"ஏ பொண்ணே! கண்ண எங்க வச்சிக்கினு வர்ற? இம்மா நீளம் பாவு கட்டியிருக்குது, தெரியல? இழை அறுந்துச்சின்னா உன் சடைய அறுத்தா முடி போடறது? எந்த ஊரு மகாராணி நீ?"

வாசலில் நின்ற ஒரு அம்மாள்தான் கத்தினாள். என் அம்மாவின் அதே வேகம், கடைசிச் சொல்லில் அதே இழுப்பு. நான் அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கஞ்சி தடவியவர் அவள் புருஷன் போலிருக்கிறது. "நீ வாயத் தொறந்தா தெருவே காலியாவும்" என்றார்.

"நான் இன்னா அடிச்சா புட்டேன்? அழுவுது பாரு!" என்று சடையைப் பதமாக விடுவித்தாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கம்மா பேசற மாதிரியே பேசறீங்க. அவங்க இப்ப இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், குரல் மாறிவிட்டது. "அய்யோ, வாம்மா. உள்ள வந்து உக்காரும்மா" என்றாள். யாரோ துக்க வீட்டில் பேசுவது போல இருந்தது. கூட வந்தவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அவள் மகள், என் வயதுக்காரி, காபி கொண்டுவந்தாள்.

வேண்டுமென்றே டம்ளரை எச்சில் பண்ணிக் குடித்தேன். அம்மாவாக இருந்தால் வீடு அதிர்ந்திருக்கும். இந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் காபியைத் தரையில் சிந்தினேன். "பரவால்லம்மா, தொடச்சிக்கலாம்." கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "இன்னொரு வாட்டி திட்டுங்களேன்."

மகள் சிரித்துவிட்டாள். "எங்கம்மாகிட்ட கேட்டு வாங்கற மொத ஆளு நீதான்பா."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "போம்மா. தாயில்லாப் பொண்ணப் பேசிட்டு எனக்குச் சோறு எறங்குமா?" என்று தலையைத் தடவிக் கொடுத்து, பூ வைத்து அனுப்பினாள்.

தெருமுனை திரும்பியிருப்பேன். பின்னால் கேட்டது.

"அடியே! பால அடுப்புல வச்சிக்கினு வாசல்ல இன்னாடி வேடிக்கை? பொங்கி ஊத்துது பாரு! மாமியா வூட்லயும் இப்டியே நில்லு, நல்லா சீர் செய்வாங்க!"

"வரேம்மா, கத்தாத" என்றாள் மகள், அலுத்துக்கொண்டு.

கோபுரத்தடியிலிருந்து தோழிகள் என்னைக் கூப்பிட்டார்கள். செருப்பில் கல் என்று ஜாடை காட்டிவிட்டுக் குனிந்தேன். அந்தக் குரல் ஓயும்வரை செருப்பு வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக அங்கேயே இருந்தேன்.