செம்புத் தண்ணீரில் ஒரு பச்சைக்கல்

அந்த ஆளை நினைத்தாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே மளிகைக் கடை, மாடியில் அவன் கல் வைத்தியம் பார்க்கிற அறை. ஜன்னலை மூடி ஏர்கானையும் போட்டு சாம்பிராணியையும் போட்டு, இரண்டும் சேர்ந்து காயாத துணி வாடை. அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குத்தான் கல்லுன்னா உயிராச்சே, வந்து பாரு லா. நீ வச்சிருக்கறதெல்லாம் ஒரு கல்லா?" என்றாள்.

உள்ளே சுவரோரமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொன்னான். வழவழப்பான ஒரு பச்சைக் கல்லை எடுத்து நாக்கின் மேல் வைத்தான். கண்ணை மூடினான், குழம்பில் உப்பு பார்க்கிறவன் மாதிரி தலையை ஆட்டினான். பிறகு கல்லைத் தன் கைக்குட்டையில் ஒரு துடை. அடுத்த ஆள். அதே கல், அதே கைக்குட்டை. கைக்குட்டை எப்போதோ வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். சீ, எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

என் முறை வந்தபோது வேண்டாம் என்றேன். "உங்க சக்தியெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கும்மா" என்றான். அடைத்துக்கொண்டே இருக்கட்டும், நான் இத்தனை வருஷம் அப்படியேதான் பஸ் ஏறி வேலைக்குப் போகிறேன் என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதற்குள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டிவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் கல் அவள் நாக்கில் இருந்தது.

நான் யார், எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பக்கம் வேலை, மார்சிலிங்கில் வீடு, கல் என்றால் பைத்தியம். சிங்கப்பூரில் என்ன கல் இருக்கிறது, எல்லாம் சிமெண்டுதானே என்று கேட்கிறவர்களை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. தீவின் நடுவில் கருங்கல், உபின் தீவில் கருங்கல். வெயிலில் திருப்பிப் பார்த்தால் சாம்பலுக்குள்ளே இளஞ்சிவப்பு தெரியும், அபிரகம் கறுப்பாக மினுக்கும். மேற்கே ஜூரோங் பக்கம் தோண்டினால் செம்மண் நிறத்தில் கல் வரும், கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். பூங்காவிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் எடுக்கக் கூடாது. அங்கே குனிந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன். என் அலமாரியில் இருப்பதெல்லாம் கட்டட வேலை நடக்கிற இடத்தில் மேற்பார்வையாளரைக் கெஞ்சி வாங்கியவை, மலேசியாவில் பேராக் பக்கத்திலிருந்து வந்த வெள்ளீயத் தாது, கண்காட்சிகளில் வாங்கிய சில. அந்த வெள்ளீயத் தாது பார்க்கக் கரித்துண்டு மாதிரி இருக்கும், தூக்கினால் கை இறங்கும். அந்தக் கனத்துக்காகவே அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். கல்லின் நிறம் தெரிய எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு. கல் சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் செய்வார்கள். ஆனால் அது என் எச்சில், என் கருங்கல். ஊரார் நாக்கில் போய் வந்த கல்லை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

எனக்கு இந்தக் கற்களிடம் எதுவும் வேண்டாம். அவை பணம் கொண்டுவர வேண்டாம், கல்யாணம் முடித்து வைக்க வேண்டாம். பார்த்தால் போதும். இந்தக் கல் வைத்தியக்காரர்களோ கல்லை ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடமாட்டார்கள். ஒருத்தன் கண்ணாடியைக் காய்ச்சி ரோஸ் கலர் ஊற்றி அன்புக்கு என்பான், இன்னொருத்தன் சாயம் போட்ட அகேட் கல்லைக் காட்டிப் பரீட்சைக்கு என்பான். ஒரு தடவை தெரிந்தவள் ஒருத்தி வாங்கிவந்த அப்படி ஒரு நீலக் கல்லைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன், தண்ணீர் நீலமாகிவிட்டது. அவளிடம் காட்டினேன். கெட்டதெல்லாம் இறங்கிவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். இவர்களோடு என்னத்தைப் பேசுவது!

அக்காவுக்குச் சர்க்கரை. மாத்திரை கேட்கவில்லை, இனிமேல் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசிகளைப் பொங்கோலில் இருக்கிற தன் வீட்டு ஃபிரிட்ஜில், கறிவேப்பிலைக்குப் பின்னால், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். அவளுக்குக் காரணம் இருந்தது. அத்தானுக்கும் சர்க்கரைதான். கடைசிவரை ஊசி வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, கால் புண் முற்றிய பிறகுதான் போட்டுக்கொண்டார். காலை எடுத்தார்கள். அப்புறம் ஆளே போய்விட்டார். அக்காவின் கணக்கில் அது தலைகீழாகப் பதிந்துபோனது. "ஊசி ஏறுச்சு, கால் போச்சு, மனுஷன் போயிட்டாரு" என்பாள். லேட்டாகப் போட்டதால்தான் அக்கா என்று நானும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். காதில் ஏறினால்தானே!

அந்த மாடியில் அவன் அவளிடம் சொன்னதும் அதுதான். "ஊசியெல்லாம் வேணாம்மா. இந்தக் கல் சர்க்கரையை இழுத்துடும்." நாக்கில் வைத்த கல்லின் கூடப் பிறந்தது போல ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மரகதத்தின் தங்கச்சி என்றான். மரகதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது மலக்கைட், செம்புத் தாது. இளம்பச்சையும் கரும்பச்சையும் வரிவரியாக ஓடும், கண்ணை எடுக்க முடியாது. என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லின் அழகுக்காகவே எனக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. தாயத்து மாதிரி கட்டிக்கொள்வாள், தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

சில வாரம் கழித்து போன் செய்தபோது அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணுமில்லடி, லேசா வாந்தி" என்றாள். லீவு சொல்லிவிட்டுப் பொங்கோலுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். கைகழுவும் தொட்டியில் பார்த்தேன். நீலமும் பச்சையுமாக, வாய்க்கால் பாசி மாதிரி. அக்கா குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமையாக என்னைப் பார்த்தாள்.

"கழிவு வெளியேறுதுடி."

"கருமம்! யாரு சொன்னா?"

போனை எடுத்து அவனுடைய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். தேனாய்க் குழைந்த குரல். "பயப்படாதீங்கம்மா, நல்ல அறிகுறி. பச்சையா வந்தா சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம். நிறுத்திடாதீங்க." தூ! ஒரு பொம்பளை குடலைக் கக்குகிறேன் என்று சொல்கிறாள், நிறுத்தாதே என்கிறான் படுபாவி. தன் வீட்டில் யாராவது அப்படி வாந்தி எடுத்தால் இப்படிக் குழைவானா?

எதை நிறுத்தாதே என்கிறான் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரம் செம்பு இருந்தது, அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிற செம்புச் செம்பு. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது எங்கள் இருவருக்கும் சின்ன வயசுப் பழக்கம். எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த தண்ணீருக்கடியில் அந்தக் கல் கிடந்தது. பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி.

கல்லைக் கையில் எடுத்தேன். மாடியில் பார்த்தபோது முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த கல். இப்போது மங்கி, சொரசொரவென்று, அங்கங்கே குழி விழுந்து கிடந்தது. மேல்தோலைப் புளிப்பு தின்றிருந்தது. தின்றது எங்கே போனது? அக்காவின் வயிற்றுக்கு. அவளைக் கூப்பிட்டுக் குடைந்து குடைந்து கேட்டேன்.

கல்லைத் தண்ணீரில் போட்டுக் குடி என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். செம்பில் போட்டால் இன்னும் விசேஷம் என்று அக்காவாக முடிவு செய்தாள். வாய்க்கு நல்லா இருக்குமே, உடம்பும் இளைக்குமே என்று தினமும் ராத்திரியிலேயே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டதும் அவள் யோசனைதான். செம்புப் பாத்திரம் விளக்க எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்க்கிற கை அது! பச்சைக் களிம்பு எப்படிக் கரைந்து ஓடும் என்று தெரிந்த கை! அதே எலுமிச்சையைச் செம்புக்குள் பிழிந்து, செம்புத் தாதுவையும் போட்டு, விடியவிடிய ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்த அறிவு வராது.

"அக்கா, இது விஷம். கல்லு கரைஞ்சு உன் வயித்துக்குள்ள போவுது."

"கரையணும்லா. அப்பத்தானே வேலை செய்யும்?"

"செம்பு அளவுக்கு மிஞ்சினா ஈரலு போயிடும்!"

"உனக்குப் பொறாமைடி. வீடு நிறைய கல்லை அடுக்கி வச்சிருக்க, ஒண்ணாவது ஒரு தலைவலிக்கு ஆச்சா? என் கல்லு வேலை செய்யுதுன்னதும் எரியுது உனக்கு."

எரிந்ததுதான், ஆனால் அதனால் அல்ல. சரி, கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று நினைத்தேன். கல்லைத் துடைத்து, ஒரு தட்டில் வைத்து, கத்தி முனையால் ஓரத்தைச் சுரண்டினேன். பச்சைத் தூள் உதிர்ந்தது. மிச்சமிருந்த எலுமிச்சையை அதன்மேல் பிழிந்தேன். கல் பார்க்கிறவர்கள் செய்கிற சோதனைதான். தூள் நுரைத்து, பொடிப்பொடியாகக் குமிழ் விட்டது.

"பாரு. நல்லாப் பாரு. புளிப்பு பட்டா எப்படிப் பொங்குதுன்னு பாரு."

அக்கா குனிந்து பார்த்தாள். கண் விரிந்தது. கைகூப்பாத குறை.

"அடேயப்பா! சக்தி வெளிய வருதுடி!"

எனக்கு வந்த வெறுப்பில் அந்தத் தட்டைச் சுவரில் அடித்திருப்பேன். அவன்மேல் வெறுப்பு, கல்லின்மேல்கூட வெறுப்பு, என் படித்த வாயின்மேல் வெறுப்பு. நான் எதைச் சொன்னாலும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளும்படி அவளைத் திருப்பி வைத்திருக்கிறான். இவள் இப்படியே குடித்துக் குடித்து என் கண் முன்னாலேயே போய்ச் சேரப்போகிறாள். எனக்கிருக்கிற ஒரே அக்கா.

செம்பைத் தூக்கினேன்.

"என்னடி பண்ற?"

"எனக்கும் போன தடவை டெஸ்ட்ல சர்க்கரை பார்டர்ல இருக்குன்னாங்க. நல்ல மருந்துன்னா நானும் குடிக்கிறேன்."

ஒரு வாய் குடித்துவிட்டேன். பழைய காசுகளை வாயில் அதக்கிக்கொண்ட மாதிரி ஒரு ருசி, மேலே எலுமிச்சை நாற்றம். தொண்டையில் இறங்கும்போதே கரித்தது. இரண்டாவது வாய்க்குச் செம்பைச் சாய்த்தேன். அக்கா பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி அடித்தாள். செம்பு தரையில் விழுந்து உருண்டு, அடுப்பு மேடைக்குக் கீழே போய் நின்றது. காலெல்லாம் பச்சைத் தண்ணீர்.

"குடிக்காதடி! பாவி, குடிக்காத! நெஞ்செல்லாம் கரிக்கும், குடலைப் புரட்டிப் போட்டுடும், துப்பு, துப்புடி!"

என் கழுத்தைப் பிடித்துத் தொட்டியில் அமுக்கினாள். நோயாளிக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. துப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

"தெரியுதுல்ல உனக்கு? அப்ப நீ ஏன்க்கா குடிச்ச?"

அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் முழங்காலிலிருந்து பாதம்வரை தடவினாள்.

"எனக்குக் கால் வேணும்டி" என்றாள்.

அதற்குமேல் என்ன சத்தம் போடுவது? நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனேன். டாக்டர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ஈரலில் கொஞ்சம் அடி, சரியாகிவிடும் என்றார்கள். தாதி ஊசி போடும் முறையை இருவருக்கும் காட்டிக்கொடுத்தார். அவனைப் பற்றியும் புகார் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கறிவேப்பிலை வாங்கப் போனபோது, அந்த மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் நாக்கை நீட்டப்போகிறவர்கள். கறிவேப்பிலை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நான்தான் ஊசி போட்டேன். ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துப் பிரித்தேன். அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒரு கை என் தோளில், இன்னொரு கை முழங்காலில். வயிற்றுச் சதையைப் பிடித்து, தாதி சொன்னபடி குத்தி, அழுத்தி, நிறுத்தி, எடுத்தேன்.

"போடு லா, ஏன் இழுத்தடிக்கிற?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"போட்டாச்சுக்கா."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு இன்னொன்றை. காலை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் ஆடின. சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து முறைத்தாள்.

"இனிமே கண்டதை எல்லாம் எடுத்து வாயில ஊத்திக்காதடி. வயசாகுதே தவிர ஒரு புத்தி இருக்கா உனக்கு?"

"சரிக்கா" என்றேன்.