நூறு மீற்றர் தள்ளி ஒரு குதிரை

1. தெரியாத வேலை

பலூனில் ஏறாமலே பலூன் ஓட்டிகளுக்கு மென்பொருள் எழுதிய ஆள் நான். இதைச் சொன்னால் இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் முட்டை பொரிக்கத் தெரியாமல் சமையல் ஆப் செய்கிறவர்கள்.

கைத்தொலைபேசியில் வரைபடம் வராத காலம் அது. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி கனகு அண்ணை ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். இங்கே ரயில் பிந்தினாலும் தேத்தண்ணி ஆறினாலும் "ஜெர்மனியிலை இப்பிடி நடக்காது" என்பார். முதல் நாளே ஒரு மடிக்கணினியையும் ஜி.பி.எஸ் கருவியையும் என் மேசையில் வைத்தார்.

"தம்பி, மேப் சொஃப்ட்வெயர் ஏற்கனவே கிடக்கு. அதுக்கு மேலை ஒரு ஆட்-ஒன் எழுதவேணும். பலூன் ஓட்டுற ஆக்களுக்கு."

"அண்ணை, எனக்குப் பலூனைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமோ? இருந்து எழுதும்."

தெரிந்த ஒரே ஆள் எங்கள் முதல் வாடிக்கையாளர் ஜில். கென்ட் பக்கம் இருபது வருடமாகப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் பெண்மணி. அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் என் நினைவில் ஏனோ எங்கள் ஊர்த் தமிழில் கிடக்கிறது.

"பலூனுக்கு ஸ்டியரிங் இல்லை. ஒவ்வொரு உயரத்திலையும் காத்து ஒவ்வொரு பக்கம் அடிக்கும். ஏறி இறங்கித்தான் திசை பிடிக்கிறது. அதைவிடக் கஷ்டம் இறங்க இடம் பிடிக்கிறது."

குதிரை நிற்கும் வயல், சினைப்பசு நிற்கும் வயல் என்று விவசாயிகள் 'இங்கே இறங்காதே' எனச் சொன்ன இடங்களையெல்லாம் அவர் காகித வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் தீட்டி வைத்திருந்தார். எங்கள் ஆட்-ஒன் அந்தச் சிவப்பு வயல்களைத் திரையில் காட்டவேண்டும். பலூன் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டவேண்டும். புள்ளி சிவப்பைத் தொட்டால் பீப் அடிக்கவேண்டும்.

2. பஸ் ஸ்டொப்பில் எங்கள் அலுவலகம்

மூன்று மாதத்தில் எழுதி முடித்தேன். ஜன்னலோரம் ஜி.பி.எஸ்ஸை வைத்துச் சோதித்தபோது, புள்ளி எங்கள் கட்டடத்தில் விழாமல் மேற்கே இருந்த பஸ் ஸ்டொப்பில் போய் விழுந்தது.

"அண்ணை, நாங்கள் பஸ் ஸ்டொப்பிலை நிக்கிறம் எண்டு காட்டுது."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு நூறு மீற்றர்."

"நூறு மீற்றர்தானே! ஊரிலை விலாசம் எப்பிடிச் சொல்லுவம்? கோயிலடி, சந்தியடி. அப்பிடிச் சொல்லி வந்து சேராத ஆள் ஆர்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் சொந்த வீட்டுக்கே வழி சொல்லும்போது "சட்டன் ஸ்டேஷனடிக்கு வாங்கோ" என்றுதான் சொல்வேன், வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஜி.பி.எஸ் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்று நினைத்துக்கொண்டு ஜில்லுக்கு அனுப்பிவிட்டோம்.

3. குதிரை

இரண்டாம் கிழமை ஜில் தொலைபேசியில் வந்தார். குரலே சரியில்லை.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் நோமன் என்ற விவசாயியின் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறார். அங்கே அடுத்தடுத்து இரண்டு வயல். மேற்கு வயலில் இறங்கலாம். கிழக்கு வயல் சிவப்பு, அதில் சினைக்குதிரை. திரை மேற்கு வயல் என்று காட்ட, பலூன் இறங்கியதோ கிழக்கு வயலில். மர நிழலில் நின்ற குதிரை, பலூனுக்குள் சூடுகாற்று ஊதும் அடுப்பின் இரைச்சலுக்கு வெருண்டு, வேலியை உடைத்துக்கொண்டு றோட்டுக்கு ஓடிவிட்டது. நல்லகாலம், குதிரைக்கும் வயிற்றுக் குட்டிக்கும் ஒன்றுமில்லை.

"இனி இந்தப் பள்ளத்தாக்கிலை காலே வைக்கக்கூடாது எண்டிட்டார் நோமன். அதைத் தாண்டினால் காடும் மோட்டர்வேயும். வேறை எங்கை நான் இறங்கிறது? பலூனை வித்துப்போட்டு வீட்டிலை இருக்கவேண்டியதுதான்."

போனை வைத்ததும் ஜி.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கடைவாசலில் நின்றேன், ஸ்டேஷனில் நின்றேன், பூங்காவில் நின்றேன். எல்லா இடத்திலும் புள்ளி ஒரே பக்கம், ஒரே தூரம் தள்ளி விழுந்தது. கருவியின் பிழை என்றால் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் விழவேண்டும். இது என் பிழை. வானத்தில் சுற்றும் செய்மதி ஒரு கணக்கில் இடத்தைச் சொல்கிறது, பிரித்தானிய வரைபடம் தன் பழைய கணக்கில் வரையப்பட்டிருக்கிறது. ஒன்றை மற்றதாக மாற்றும் கணக்கை நான் எழுதவே இல்லை. மேலே ஏறிப்போய் அண்ணையிடம் சொன்னேன்.

"ஜி.பி.எஸ் பிழை எண்டு சொல்லுவமே தம்பி?" என்று மெல்லக் கேட்டார் அண்ணை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, ஊரிலை வேலி அரை அடி தள்ளிப்போச்செண்டு மச்சானோடை எத்தினை வருசம் வழக்குப் பேசினீங்கள்? இந்த மனிசன்ரை வேலியை நாங்கள் நூறு மீற்றர் தள்ளிப் போட்டிருக்கிறம்."

அண்ணை எழுந்து கோட்டைப் போட்டார்.

"வாரும், போவம். வெறுங்கையோடை போகேலாது. கீழை கடையிலை பயத்தம் பணியாரம் ஒரு ரின் வாங்கும்."

4. கூடை

வயலில் இறங்கினால் விவசாயிக்கு ஒரு போத்தல் விஸ்கி கொடுப்பது பலூன்காரர் வழக்கம். ஜில் விஸ்கியோடு வந்தார், நாங்கள் தகர டப்பாவில் எங்கள் ஊர்ப் பயற்றம் பலகாரத்தோடு போனோம். நோமன் இரண்டையும் தொடவில்லை. பிழை என்னுடையது என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எப்பவாவது பலூனிலை ஏறியிருக்கிறியா?"

"இல்லை."

"திருத்து. ஏறு. மேற்கு வயலிலை இறங்கிக் காட்டு. பிறகு கதைப்பம்."

திருத்த மூன்று நாள் எடுத்தது. ஏறும் நாளில் அண்ணைக்குத் திடீரென்று பிரஷர் வந்துவிட்டது. மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலைசுற்றும் எனக்குப் பிரஷர் வர அனுமதி கிடைக்கவில்லை. கூடையின் விளிம்பு என் நெஞ்சளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னேன்.

"கண்ணைத் திற. வேலி எங்கை?" என்றார் ஜில்.

திறந்தேன். திரையில் மேற்கே இருந்து வந்த புள்ளி, இரண்டு வயலுக்கும் இடையிலான வேலிக்கு முன்னால் நின்றது. எட்டிப் பார்த்தேன், வேலியும் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. "இன்னும் தாண்டேல்லை" என்றேன். ஜில் இறக்கினார். கூடை மேற்கு வயலில் இரண்டுதரம் குதித்துச் சாய்ந்தது, நான் ஜில்லின் காலடியில் கிடந்தேன். வேலிக்கு அப்பால் குதிரை புல்லில் வைத்த வாயை எடுக்கவில்லை. நோமன் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "அந்தப் பலகார ரின் எங்கை?" என்று கேட்டார். அப்போதுதான் ஜில்லுக்கு மூச்சு வந்தது.

பலூன் துணியைச் சுருட்டும்போது ஜில் மெதுவாகச் சொன்னார்: "குதிரை வெருண்ட அண்டைக்கும் இந்த வேலி எனக்குக் கீழாலை போனதை நான் கண்டனான். உன்ரை ஸ்கிரீன் இன்னும் வரேல்லை எண்டுது. இருவது வருசம் பறந்த நான், என்ரை கண்தான் பிழை எண்டு நினைச்சன்."

இதை அவர் நோமனுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் எனக்கும் சொல்லவில்லை. அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

நான் படித்தது இதுதான், பிள்ளைகளே. நாம் எழுதுவதை நம்பி ஒருவர் தன் கண்ணையே நம்பாமல் விடக்கூடும். 'கிட்டத்தான்' என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

அடுத்த வெளியீட்டுக்கு முதல்நாள், ஒரு வயலின் சிவப்புக் கோடு வேலிக்கு ஐந்து மீற்றர் உள்ளே கிடப்பதைக் கண்டேன். பயந்து பயந்து அண்ணையிடம் சொன்னேன், நாள் பிந்தும் என்று.

"எவ்வளவு?"

"அஞ்சு மீற்றர்."

"அஞ்சு மீற்றரோ!" என்று கதிரையை விட்டு எழும்பினார் அண்ணை. "அதுக்குள்ளை என்ரை மச்சான் ஒரு வீடே கட்டிப்போடுவான். உடனை நிப்பாட்டும்!"