சிநேகிதியின் அப்பா

2024 ஜூன் 8, சனிக்கிழமை, காலை பத்தே முக்கால், வெளியே மூடுபனி. மெல்பேர்ன் போகும் ரயிலில் என் பக்கத்தில் சுருள்முடி மாணவி ஒருத்தி. எதிரே அவளுடைய தோழிகள் மூவரும் உறங்கினார்கள். அவள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் பாலங்களும் கோபுரங்களும் வரைந்துகொண்டே வந்தாள்.

“பாரிஸோ, பிள்ளை?”

“ஓம் அங்கிள். அதுக்குக் காசு காணாது. இப்ப மெல்பேர்ன்தான்.”

யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அம்மா அழைத்தார். சற்றுப் பேசியவள், போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“சிநேகிதி வீட்டிலை நிக்கிறன் எண்டு சொன்னனான். அவளின்ரை அப்பாவோடை கதைக்கோணுமாம். மெல்பேர்ன் போறது தெரிஞ்சால் திரும்பிப் போகச் சொல்லுவா. அவர் மாதிரி நீங்கள் கதையுங்கோ அங்கிள்.”

எத்தனை பொய் தேவைப்படுமோ என்று பயந்தபடி போனை வாங்கினேன்.

“அண்ணை, பிள்ளை சாப்பிட்டவளோ?” அவ்வளவுதான் கேட்டார்.

“ஓம் தங்கச்சி.”

ரயில் பனிக்குள் மிதந்தது. கேட்டால், அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த ஒரு பொய்யையாவது மெய்யாக்க, ரயிலின் சிற்றுண்டிப் பெட்டிக்கு எழுந்துபோய் வாங்கிக் கொடுத்த சாண்ட்விச், பதினொரு டாலர் ஐம்பது சதம்.