வாங்க என்று சொன்ன பெட்டி

ரிசார்ட்டுக்கு ஒரு பொருள் புதிதாக வந்தால் பூ வைப்பார்கள். குங்குமம் வைப்பார்கள். எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுப்பார்கள். பழைய பொருள் போகும்போது ஒன்றும் கிடையாது. பின்கதவு வழியாகப் போய்விடும்.

நான் அங்கே அறை வேலை பார்த்தேன். விரிப்பு மாற்றுவது, துடைப்பது, கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அஞ்சாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவில், டாக்குரியாவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி வாடகைக்கு ஓர் அறை. அங்கிருந்து தெற்கே லோக்கல் ரயிலில் போய், சோனார்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் ரிசார்ட். பெரிய குளம். சுற்றிலும் ஓடு போட்ட தனித்தனி வீடுகள். சால்ட் லேக், பாலிகஞ்ச் பக்கத்துப் பணக்காரக் குடும்பங்கள் சனி ஞாயிறு வந்து தங்கும். குளத்தைப் பார்க்க வந்தோம் என்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் டிவியைப் போடுவார்கள்.

தொண்ணூறுகளில் நான் சேர்ந்தபோது கட்டில் தலைமாட்டில் ரேடியோ பதித்திருந்தது. மூன்று பொத்தான். ஒன்றில் ஹிந்திப் பாட்டு, ஒன்றில் வங்காளப் பாட்டு. மூன்றாவதில் எதுவும் வந்து நான் கேட்டதில்லை. வி.சி.ஆர். ஒன்றே ஒன்று, சக்கர வண்டியில் இருந்தது. கேட்கிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். செங்கல் பாதையில் கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே மற்ற அறைப் பிள்ளைகள் வெளியே ஓடிவரும். கேபிள் வந்தது, வண்டி போனது. ரேடியோ இருந்த இடத்தில் பலகை அடித்து மூடினார்கள். அப்புறம் தட்டை டிவி வந்தது. அது ஒரு துர்கா பூஜை சீசனுக்கு முன்னால். சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். பெட்டி டிவி எல்லாம் சமையல்கட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றது.

மானேஜர் சொன்னார், "வேணுங்கிறவங்க ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. மிச்சம் காயலான் கடைக்கு."

எனக்கு வேண்டியிருந்தது. காரணம் என் மனைவி.

அவள் அந்தக் கோடையில்தான் கல்கத்தா வந்திருந்தாள். அதுவரை ஊரில் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அம்மா போன பிறகு அழைத்து வந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். அவளுக்கு வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. கடையில் விரலை நீட்டிக் காய் வாங்கினாள். ஊரில் தெரு முழுக்கப் பேசுகிறவள் இங்கே வாய் திறக்காமல் இருந்தாள். நான் வந்தால் பேசலாம். நான் பேசுகிற ஆள் இல்லை.

ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "இங்க ஊமச்சியாட்டம் இருக்கேன். தம்பி கல்யாணம் தையில. போயிட்டு அங்கயே இருந்துருதேன். நீங்க லீவுக்கு வாங்க, எப்பவும் போல."

நான் ரசம் கேட்டேன்.

அதனால்தான் பெட்டி. தெருக் கேபிளில் தமிழ்ச் சேனல் ஒன்று வருகிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். தமிழ்ச் சத்தம் வீட்டில் கேட்டால் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

பெட்டியைத் தோளில் வைத்து ரயிலில் ஏற்றினேன். காய்கறி, மீன் கூடைக்காரர்கள் ஏறும் ரயில் பெட்டியில்தான் இடம் கிடைத்தது. மீன்காரி ஒருத்தி தன் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். இங்கே அவளுக்கு நான் தாதா, அண்ணன்; எனக்கு அவள் மாசி, சித்தி.

"தாதா, படம் எப்போ ஆரம்பிக்கும்?"

"கரன்ட் இல்லை, மாசி."

"அப்போ நான் முறுக்கு வாங்கினது வீணா?" என்றாள். ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. டாக்குரியா வரை என் டிவி மேல் ஒருத்தர் தன் முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் வைத்துக் கேபிள்காரனைக் கூப்பிட்டேன். பெட்டியைப் போட்டதும் நீலத்தில் எழுத்து வந்தது. ரிசார்ட் பெயர். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. வருஷக்கணக்காகப் பார்த்த வரி.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"வாங்கன்னு சொல்லுது."

"யாரை?"

"உன்னத்தான்."

சிரித்தாள். வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

அதோடு சரி. தமிழ் வரவில்லை. கேபிள்காரன் என்னென்னவோ அமுக்கினான். "பூட்டுப் போட்ட பெட்டி, தாதா," என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹோட்டல் டிவி பூட்டித்தான் இருக்கும். விருந்தாளி சேனலைக் கலைக்கக்கூடாது, பக்கத்து அறைக்குத் தொந்தரவாகச் சத்தம் வைக்கக்கூடாது. அதற்காகப் பூட்டுவார்கள். எத்தனை பேரிடம் நானே சொல்லியிருப்பேன், "இதுக்கு மேல சத்தம் போகாது, மேடம்" என்று. எடுத்துக்கொண்டு போன எங்களில் ஒருத்தனுக்கும் அது நினைவு வரவில்லை. ரிசார்ட்டில் எந்தெந்த நம்பரில் சேனலைப் பதித்தார்களோ, பெட்டி அந்த நம்பர்களை மட்டும்தான் காட்டும். எங்கள் தெருக் கேபிளில் அந்த நம்பர்களில் பாதி வெறும் புள்ளி. மிச்சத்தில் வங்காளி, ஹிந்திச் செய்தி, மிருகங்கள். தமிழ் வேறெங்கோ இருந்தது.

பூட்டைத் திறக்கத் தனி ரிமோட் ஒன்று உண்டு. எங்கள் எலக்ட்ரிக் மிஸ்திரி அறையில் ஆணியில் தொங்கும். மறுநாள் போய் மிஸ்திரியிடம் கேட்டேன். வயசானவர், நல்ல மனுஷர். நாக்கை நீட்டிக் கடித்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டால் இங்கே அப்படித்தான்.

"எல்லா ரிமோட்டையும் சாக்கில் கட்டிக் காயலான் கடைக்குப் போட்டேன். அதையும் சேர்த்தே போட்டுட்டேன்."

"சரி."

"உனக்கு மட்டும் இல்லடா. தோட்டக்காரன், சமையல்காரன், எல்லாரும் வந்து திட்டிட்டுப் போறாங்க. என் வீட்டு டிவியும் முணுமுணுன்னுதான் பேசுது."

வீட்டில் அவளிடம் சொன்னேன். "சரி விடுங்க," என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் ஒரே வராந்தாவில் நாலு குடித்தனம். பக்கத்து அறையில் ஒரு பௌதி. அண்ணி என்று அர்த்தம், இங்கே எல்லாரும் பக்கத்து வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரர் கிரிக்கெட் வைத்தால் எடுக்கமாட்டார். கிரிக்கெட் இல்லாவிட்டால் செய்தி. ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது பௌதி எங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் வங்காளி சீரியல். சத்தம் குறைவு என்பதால் இரண்டு பேரும் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பௌதி ஒவ்வொருத்தரையும் காட்டி யார் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இது ஷாஷுரி." மாமியார்க்காரி முறைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தலையை ஆட்டி, "ஷாஷுரி. மோசம்," என்றாள். மோசம் என்பது பௌதிக்குப் புரிந்தது.

தினமும் ராத்திரி ஏழரைக்கு பௌதி வந்தார். எனக்கு டீ கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. பூஜை முடிந்து குளிர் வருவதற்குள் என் மனைவி கடையில் பேரம் பேசினாள். வங்காளியில்தான். சீரியல் மாமியார் பேசுகிற மாதிரிப் பேசினாள் போல. கடைக்காரர் பயந்து கொத்தமல்லி சும்மா கொடுத்தார்.

இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தை வந்தது. டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்தாள். எல்லாச் சேலையையும் மடித்து வைத்தாள். வீட்டில் கட்டுகிற சேலையைக்கூட. அவள் தண்ணீர் குடிக்கிற டம்ளரும் போனது.

"ரிட்டன் டிக்கெட்?" என்றேன்.

"இப்ப வேணாம். பொறவு பாத்துக்கலாம்."

ஹௌராவில் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். அறை பெரிதாக இருந்தது. டிவியைப் போடவில்லை. போட்டால் வாங்க என்று சொல்லும்.

போய்ச் சேர்ந்ததும் பேசினாள். அப்புறம் கல்யாணம் வரை பேசவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் தம்பி போனிலிருந்து கூப்பிட்டாள். சாப்பாடு, நகை, யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள் எல்லாம் சொன்னாள். நான் உம் கொட்டினேன். வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, அந்த மருமக வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாளா?"

"எந்த மருமக?"

"சீரியல்ல. பொட்டியத் தூக்கிட்டுப் போனாள்ல. பௌதிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பௌதியிடம் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவள் போனதிலிருந்து நான் பார்க்கலையே. என் வீட்டில் மேட்ச்."

ஆம்பளை தனியாக இருக்கிற அறைக்குள் அவர் வரமாட்டார். நியாயம்தான். ஏழரைக்கு முன்னால் வீட்டில் இருக்க, இன்னொருத்தனோடு மாற்றி அதிகாலை ஷிஃப்ட் வாங்கினேன். பெட்டி நின்ற ஸ்டூலை வாசலுக்கு இழுத்து, டிவியை வராந்தாவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஒயர் அவ்வளவுதான் எட்டியது. பௌதி வராந்தாவில் பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே, டிவிக்குப் பக்கவாட்டில்.

"சத்தம் வைங்க தாதா. ரயில் போகுது, ஒண்ணும் கேட்கலை."

"இதுக்கு மேல சத்தம் போகாது, மேடம்," என்றேன். வாயில் பழகிப்போனது.

"மேடமாம்! அப்போ நீங்க சொல்லுங்க. காது பக்கத்திலதானே இருக்கு."

சொன்னேன். பெட்டியில் பேசுவதைக் கேட்டு நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். மாமியார் பேச்சு, மகன் பேச்சு, வேலைக்காரி பேச்சு எல்லாம். மற்ற குடித்தனக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பௌதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குப் பேச வருமா! நீங்க ஊமைன்னு இல்ல நினைச்சேன். அவள்கிட்ட சொல்றேன்."

சீரியல் முடிந்ததும் என் மனைவி கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்கு நடந்த கதையைச் சொன்னேன்.

"அழுதா."

"யாரு?"

"எல்லாரும்."

"எதுக்கு அழுதாங்கன்னு சொல்ல மாட்டியளா?"

மறுநாள் கவனமாகப் பார்த்தேன். யார் என்ன சேலை, யார் எங்கே நின்றார்கள், காபியா டீயா என்று பார்த்து வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கூப்பிடுவாள். சொல்வேன். சொல்லச் சொல்ல இடையில் வேறு பேச்சும் வந்தது. மிஸ்திரி கதை வந்தது. மீன்கார மாசியை மறுபடி பார்த்தது, முறுக்கு எங்கே என்று அவள் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் அவ்வளவு பேசியது இல்லை. போன் சூடாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மருமகள் வந்தாள்.

"எங்க நிக்கா?"

"வாசல்ல. கையில பொட்டி."

"உள்ள போனாளா?"

"தெரியல. தொடரும்னு போட்டுட்டான். திங்கக்கிழமைதான்."

தம்பி வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

"நீங்க என்ன நினைக்கிய?" என்றாள்.

"எதை?"

"போவாளா, மாட்டாளா?"

வராந்தாவில் பௌதி இன்னும் மோடாவில் உட்கார்ந்திருந்தார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தா நல்லாயிருக்கும்," என்றேன்.

"டிக்கெட் போடச் சொல்லுதேன் தம்பிகிட்ட. ஸ்டேசனுக்கு வந்துருங்க. டிரங்குப் பொட்டி கனம்."

ஹௌராவில் இறங்கியதும் அவள் கேட்டது திங்கட்கிழமைக் கதையை. டாக்குரியா வரும்வரை பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தேன். டிரங்கு உண்மையாகவே கனம். எல்லாச் சேலையும் இருந்தது. டம்ளரும் இருந்தது. கூடவே பௌதிக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம்.

அடுத்த கோடையில் மிஸ்திரி ஒரு ரிமோட்டோடு வந்தார். வேறொரு ஹோட்டலில் பழைய பெட்டிகளைக் கழித்தபோது கேட்டு வாங்கினாராம். ஒவ்வொருத்தர் வீடாகப் போய்த் திறந்துவிட்டுக் கொண்டிருந்தார். தான் செய்த தப்பைத் தானே சரி செய்கிறார் என்று தோட்டக்காரன் கேலி செய்தான். எங்கள் பெட்டியும் திறந்தது. தமிழ்ச் சேனல் வந்தது. அவள் கண் விரியப் பார்த்தாள். பௌதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். யார் என்ன உறவு என்று இவள் சொல்ல, அவர் தலையை ஆட்டினார்.

சத்தமும் கூடியது. இருந்தாலும் இரண்டு பேரும் பழைய இடத்திலேயே, திரைக்குக் கிட்டத்தான் உட்கார்ந்தார்கள்.

மிஸ்திரி ரிமோட்டைத் தட்டிக்கொண்டே கேட்டார். "இந்த ரிசார்ட் எழுத்தையும் எடுத்துடவா? போட்டதும் நீலமா வருதே, அது?"

நான் அவளைப் பார்த்தேன். அவளே வங்காளியில் பதில் சொன்னாள்.

"அது இருக்கட்டும், தாதா. அதை எடுக்காதீங்க."