காசிநாதன் தேர்ந்தெடுத்த வான்கோழி

ஓரிக்கை காசிநாதனைப் பற்றி அவரே நிறையச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவருடைய செல்போனையே கையில் பிடித்துக்கொண்டு. அதனால் நான் எழுதுவதுதான் நியாயம். என் பெயர் ரேவதி. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறேன்.

காசிநாதனுக்கு நாற்பத்தெட்டு வயது. பாலாற்றங்கரையில் அப்பா விட்டுப்போன நிலம் மனை மனையாகப் பிரிந்து போனபின் அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. சும்மா இருக்கவும் தெரியவில்லை. ஒரு வருஷம் ட்ரோன் பறக்கவிட்டார். அது எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடாம் மேல் இறங்கியது. அடுத்த வருஷம் வான்கோழி வளர்த்தார். அதற்கடுத்து வில் வந்தது. ஆன்லைனில் வரவழைத்த மரவில், பெட்டியின் மேல் எந்த நாட்டு எழுத்தோ இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் பாரம்பரியம். அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் ஏர் பிடித்தவர்கள். வில்லைத் தொட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏனாத்தூர் பக்கம் ஒரு காலி மைதானத்தில் பாரம்பரிய வில்வித்தைக் கழகம் தொடங்கினார். உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர் இவர். செயலாளர், பொருளாளர் போக மீதி நான்கு பேரும் ஒருங்கிணைப்பாளர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கோல் கட்டைப் பார்த்து எய்வார்கள். வைக்கோல் கட்டு ஓடாது என்பதால் சில அம்புகள் பட்டன.

வளர்த்த வான்கோழிகளில் பெட்டை இரண்டும் மழையில் செத்துப்போயின. சேவல் மட்டும் கம்பி வேலியைக் கிழித்துக்கொண்டு ஆற்றங்கரைக் கருவேலங்காட்டுக்குள் போய்க் குடியேறிவிட்டது. அந்தக் காட்டை ஒட்டித்தான் காலனிப் பெண்கள் பஸ் பிடிக்கப் போகும் ஒற்றையடிப் பாதை. சேவல் அதைத் தன் சொத்து என்று முடிவுகட்டிவிட்டது. கல்லூரி கேன்டீனில் வேலை பார்க்கும் லில்லியை ஒருநாள் காலையில் துரத்தி, முழங்காலுக்குப் பின்னால் கிழித்துவிட்டது. அதிலிருந்து பெண்கள் எல்லோரும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏழரை மணி பஸ் தினமும் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு, காசிநாதன் மனைவி சத்யப்ரியா கேட்டிருந்த கொலு பொம்மைகளைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது லில்லியின் புருஷன் வீராசாமி வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவருக்கு அறுபது வயது இருக்கும். சின்ன வயதில் காசிநாதனின் அப்பாவிடம் கூலி வேலை பார்த்தவர், பிறகு கொத்தனார் ஆனார். அந்தக் கேட்டைத் தாங்குகிற இரண்டு தூண்களையும் கட்டியது அவர்தான். கட்டி முடித்த நாளிலிருந்து அவரை அதைத் தாண்டி உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை.

"ஐயா, லில்லிக்கு மூணு தையல் போட்டாங்க. பொம்பளைங்கள்லாம் சுத்திக்கினு போறாங்க, பஸ்ஸு கெடைக்க மாட்டேங்குது. நீங்க சரின்னு சொன்னா, நானும் என் மச்சானும் ஒரு வலையக் கட்டி சாயங்காலத்துக்குள்ள புடிச்சிக் குடுத்துடறோம்."

தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவருக்குக் காசிநாதன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பதில் சொன்னார்.

"டேய் வீராசாமி, என் கோழிய நீ புடிப்பே, நான் வேடிக்கை பாத்துக்கினு நிப்பேனா? ஊர்ல என்னை இன்னான்னு பேசுவாங்க? ஆயுத பூஜைக்குள்ள வில்லாலயே அடிச்சுக் காட்டறேன். முடியலன்னா நானே உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, வலை போடுப்பான்னு கேக்கறேன். போதுமா?"

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வீராசாமி போய்விட்டார். ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு வாரக் கெடு, அதுவரை லில்லி நொண்டிக்கொண்டு ரோட்டைச் சுற்றவேண்டும். இவர் வாசலில் நிற்காமல் இருப்பதற்காக.

காசிநாதன் கண் அதற்குள் என் பொம்மைகள் மேல் விழுந்துவிட்டது. "ரேவதிமா, வான்கோழி பொம்மை ஒண்ணு செஞ்சு குடேன். பொம்மைய வெச்சுத்தான் இழுக்கணும், வீடியோல பாத்தேன்" என்றார்.

ஒரு பறவையின் குணம் தெரியாமல் நான் பொம்மை செய்வதில்லை. அவர் பார்த்த வீடியோக்களை நானும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அவர் வில்லை மட்டும் பார்த்திருந்தார், நான் பொம்மையைப் பார்த்தேன். மரவில்லுக்குப் பறவை பத்தடிக்குள் வந்தாகவேண்டும். பெட்டை பொம்மை வைத்தால் சேவல் தூரத்திலேயே நின்று, நீ வா என்று மினுக்கிக்கொண்டிருக்கும். பெரிய சேவல் வைத்தால் வம்பே வேண்டாமென்று போய்விடும். இளம் சேவலாக, நோஞ்சானாக, தலை மட்டும் சிவந்து ஒன்று நின்றால்தான் அதற்குக் கோபம் பொங்கும். உதைக்க நேரே வரும். மூஞ்சிக்கு மூஞ்சி நின்றுதான் சண்டை போடும் என்பதால், பொம்மையை நம்மைப் பார்த்து வைத்தால் சேவலின் முதுகு நம் பக்கம் இருக்கும். இவ்வளவையும் காசிநாதனுக்குச் சொன்னேன்.

"நோஞ்சானா?" என்றார். "என் பேர்ல போயி நிக்கற பொம்மைமா அது. வீடியோ வேற எடுக்கறோம். நல்லா தோகைய விரிச்சு, மார நிமித்திக்கினு நிக்கட்டும். ஓரத்துல ஜரிகை மாதிரி தங்கக் கலர் குடு."

"அதைப் பாத்தா பயந்துக்கினு ஓடிடும் தலைவரே."

"பயப்படட்டுமே. நம்மளப் பாத்து நாலு பேரு பயந்தாத்தான மரியாதை?"

ஓடுகிற பறவை மேல் அம்பு எப்படிப் படும் என்று நான் கேட்கவில்லை. தலைவர் கேட்ட அளவுக்குத் தோகை விரிக்க என்னிடம் இருந்தது மயில் அச்சு ஒன்றுதான். அதில் கூழை அப்பிக் காயவைத்து, கழுத்தை மட்டும் மாற்றினேன். கடைசியாகத்தான், சாமி பொம்மைக்குப் போல, கண் வரைந்து திறப்போம், அது எங்கள் தெரு வழக்கம். கை பழக்கத்தில் நல்ல நேரம் பார்த்துத் திறந்துவிட்டேன். முடித்துப் பார்த்தால் வான்கோழிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அது பளபளத்துக்கொண்டு நின்றது.

நவராத்திரி ஆறாம் நாள் மாலை அதைக் கருவேலங்காட்டு ஓரம் நட்டுவைத்தோம். காசிநாதன் புதருக்குப் பின்னால் வில்லோடு, நான் கொஞ்சம் தள்ளி அவர் செல்போனோடு. சேவல் கம்பீரமாக வெளியே வந்தது, பொம்மையைப் பார்த்தது, விரித்த சிறகுகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. "பாத்தியா, மெரண்டுடுச்சு" என்று காசிநாதன் மீசையைத் தடவினார்.

மறுநாள் நாங்கள் போனபோது பொம்மையின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, காலடியில் சூடம் எரிந்த கரி. ஆடு மேய்க்கும் காமாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். "முருகன் வாகனம் ஆத்தங்கரைக்கு வந்துருக்குது. நீதான் வெச்சியாமே காசிநாதா, நீ நல்லா இருப்பே" என்றாள். இது வான்கோழி என்று அவர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நல்லா இருப்பே என்று யாராவது சொன்னால் அதைத் திருப்பிக்கொடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அன்றைக்கு அம்பு விடவில்லை. இப்போது அங்கே தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதற்கும் தலைவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எட்டாம் நாள், கெடுவுக்கு முந்தின மாலை. ஊரில் பாதிப் பேர் கரைமேல் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வீராசாமி வேலை முடிந்து வந்த கோலத்தில், தோளில் காலி சிமெண்ட் சாக்கோடு நின்றார். பக்கத்தில் லில்லி. சாமி இருக்கிற இடமாகிவிட்டதால் காசிநாதன் வெறுங்காலோடு புதருக்குள் போகவேண்டியதாயிற்று. வெயிலுக்குத் தலையில் சிவப்புத் துண்டு. உள்ளே கருவேல முள். குந்தி உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி முள் பிடுங்குவார், அடுத்த காலைத் தூக்குவார், நடுநடுவே தலையை நீட்டி எட்டிப் பார்ப்பார். நான் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூனிக் குறுகி, ஒல்லிக் கழுத்தும் சிவந்த தலையுமாய் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அடடா, நான் செய்யச் சொன்னது இதைத்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேவலுக்கும் உறைத்துவிட்டது. தோகை விரித்த சாமியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து, உடம்பை உப்பிக்கொண்டு, நேரே புதருக்குள் பாய்ந்தது. வில் ஒரு பக்கம் போனது, துண்டு ஒரு பக்கம் போனது. காசிநாதன் நான்கு காலில் வெளியே வந்தார், முதுகின் மேல் சேவல். இறக்கையால் அடித்துக்கொண்டே பிடரியில் கொத்தியது.

"அண்ணா, வீராசாமி அண்ணா, வந்து புடிங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்ணா" என்று அவர் கத்தினது கரை முழுக்கக் கேட்டது.

வீராசாமி ஓடவெல்லாம் இல்லை. நடந்து வந்து, சாக்கை உதறி, சேவலின் தலையோடு சேர்த்துப் போட்டு மூடினார். சாக்குக்குள் இருட்டானதும் அது அடங்கிவிட்டது. கால் இரண்டையும் கட்டித் தூக்கிக்கொண்டார்.

"நோஞ்சான வெச்சாத்தான் வரும்னு நீ சொன்னியாமே ரேவதி, சரியாத்தான் சொல்லிக்கீறே" என்றாள் லில்லி. கரைமேல் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சேவலைக் கொண்டுபோய்ச் சேர்க்க எல்லோரும் காசிநாதன் வீட்டுக்கு நடந்தோம். வீராசாமி தான் கட்டின தூண்களுக்கு நடுவே கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார். கூண்டில் சேவலை அடைத்தார். "உக்காருங்கண்ணா, காபி கொண்டாறேன்" என்று சத்யப்ரியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

காசிநாதன் பிடரியைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்டருகே நின்றார். "டேய் வீரா..." என்று ஆரம்பித்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். என் கையில் இருந்த போனையும் ஒருதரம் பார்த்தார். "நாளைக்கு உங்க வாசலுக்கு... நான் சொன்ன சொல்லு..." என்று இழுத்தார்.

வீராசாமி காபி டம்ளரை வாங்கி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வாசலுக்கெல்லாம் வர வேணாம் தம்பி. அதான் ஆத்தங்கரையிலயே கேட்டுட்டியே."