கரைசலும் கரைச்சலும்

ஓய்வு பெற்ற பிறகும் மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு ஏழு பீக்கர்கள். அவற்றில் மூன்று விரிசல் விட்டவை. அன்று நல்லதாக ஒன்றை எடுத்து, தண்ணீரில் உப்பைக் கலக்கியபடி, "கரைசல்னா என்ன?" என்று கேட்டேன்.

அகதிகள் முகாமிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "கரைச்சல் எண்டா தொந்தரவு, சேர்."

"ஏலே, தண்ணிக்கு உப்பு தொந்தரவு குடுக்குதாம்லே!" என்று பின்பெஞ்சு சிரித்தது. இலங்கைத் தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று சொல்லி அடக்கினேன். பிறகு, உப்பு தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பதே கரைசல் என்று விளக்கினேன்.

அவள் உட்காரவில்லை. முகாமிலேயே பிறந்தவள். குடியுரிமை கேட்டு அவள் அப்பா கொடுத்த மனு அந்த வாரம்தான் தள்ளுபடியாகியிருந்தது.

"கனகாலம் கலந்திருந்தா உப்பும் தண்ணியா மாறிடுமா, சேர்?"

"மாறாதும்மா. தண்ணி வத்துனா உப்பு தனியா நிக்கும்."

"எத்தன வருசம் கிடந்தாலுமா?"

"ஆமா."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பாடத்தில் இதற்கு வேறு விடை இல்லை.